வீட்டிலேயே மேனிக்யூர்: நெயில் பாலிஷ் ஒரு வாரம் நிற்க எதை முதலில், எதைப் பிறகு செய்வது

வீட்டில் நெயில் பாலிஷ் போட்டால் இரண்டாம் நாளே உரிந்துவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். பாட்டில்தான் மட்டம் என்று நினைத்து அடுத்த முறை விலை அதிகமானதாக வாங்குகிறார்கள். அதுவும் உரிகிறது. அவர்கள் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பாலிஷில் குறையே இருக்காது, வேலைகளின் வரிசைதான் மாறிப்போயிருக்கும். தண்ணீரில் ஊறிய நகத்தைத் தேய்த்திருப்பார்கள், க்ரீம் தடவிய கையோடு நிறம் பூசியிருப்பார்கள், முதல் கோட்டையே கெட்டியாக இழுத்திருப்பார்கள்.

கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால், அவசரத்தில் எதை விடலாம், எதை விடவே கூடாது என்று உங்களுக்கே புரியும்.

1. தொடங்கும் முன் நகத்தைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் பத்து நகங்களையும் ஒருமுறை பாருங்கள். நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தாலோ, நகம் சதையிலிருந்து விலகித் தூக்கிக்கொண்டிருந்தாலோ, பச்சையாகவோ மஞ்சளாகத் தடித்தோ இருந்தாலோ அன்றைக்கு மேனிக்யூர் வேண்டாம். கிருமித் தொற்றுள்ள நகத்தைப் பாலிஷ் போட்டு மறைத்தால், அது பெரிதாவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை புதிதாக ஒரு கறுப்புக் கோடு ஓடினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளுக்குப் பயப்பட வேண்டாம். கால்சியம் குறைவால் வருகிறது என்று சொல்வார்கள். பெரும்பாலும் நகம் உருவாகும் இடத்தில் எப்போதோ பட்ட சிறு அடியின் தடம்தான் அது. நகம் வளர வளரத் தானே மேலேறிப் போய்விடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், புண் சீக்கிரம் ஆறாதவர்களும் நகத்தோலில் எந்தக் கத்தரியும் வைக்கக் கூடாது. தேய்ப்பது, பூசுவது மட்டும் போதும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

நெயில் கட்டர். 180 அல்லது 240 எண் போட்ட நெயில் ஃபைல், அல்லது கண்ணாடி ஃபைல். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 100 என்று இருப்பது செயற்கை நகத்துக்கானது, இயல்பான நகத்தைக் கிழித்துவிடும். கட்டரோடு சேர்ந்து வரும் உலோக ஃபைலை ஒதுக்கி வையுங்கள், அதுவும் முரடுதான்.

நகத்தை மெருகேற்றும் பஃபர், நகத்தோலைத் தள்ள ஆரஞ்சுக் குச்சி என்ற சிறு மரக்குச்சி, பாலிஷ் ரிமூவர், நிறத்துக்கு அடியில் பூசும் பேஸ் கோட், உங்களுக்குப் பிடித்த நிறம், நிறத்துக்கு மேலே பூசும் டாப் கோட், ஓரத்தைத் துடைக்க மெல்லிய பழைய பிரஷ் ஒன்று. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில். கடைசியாக, பஞ்சு பறக்காத பழைய பருத்தித் துணித் துண்டுகள். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணி இதற்கு அருமையாக இருக்கும். பஞ்சின் இழை நகத்தில் ஒட்டிக்கொண்டால் பாலிஷுக்கு அடியில் முடி போலத் தெரியும்.

காசு குறைவாக இருந்தால் நிறத்தில் மிச்சம் பிடியுங்கள், பேஸ் கோட்டிலும் டாப் கோட்டிலும் வேண்டாம். நிறத்தைப் பிடித்து வைப்பவை அந்த இரண்டும்தான்.

கட்டர் போன்ற உலோகக் கருவிகளைச் சோப்பு போட்டுக் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். அழுக்கு இருக்கும்போது ஸ்பிரிட் மட்டும் போட்டால் பயனில்லை. மரக்குச்சியையும் அட்டை ஃபைலையும் இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அவை ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். அக்கா தங்கை என்றாலும் பகிர வேண்டாம்.

3. நேரமும் இடமும்

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் காய்வதற்குத்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்தால், காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். பாத்திரம் கழுவி முடித்த மதிய வேளைதான் நல்லது. வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமாக இருந்தால், ஞாயிறு மதியம் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்.

சன்னல் திறந்திருக்க வேண்டும். ரிமூவரும் பாலிஷும் சட்டென்று தீப்பிடிப்பவை. அடுப்போ, சாமி விளக்கோ, ஊதுவத்தியோ எரியும் இடத்தில் உட்காராதீர்கள். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக்கும் வார்னிஷும் உருகும். கைப்பேசி, கண்ணாடிச் சட்டம், மேசை எதையும் விடாது. கைக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டால் கவலையில்லை.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்று பட்டால் பாலிஷ் பிரஷிலேயே இறுகத் தொடங்கி, நகத்தில் இழை இழையாக இழுபடும். வியர்க்குமே என்றால், போட்டு முடிக்கும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

4. பழைய பாலிஷை எடுப்பது

துணியை ரிமூவரில் நனைத்து, நகத்தின் மேல் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு நுனியை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். அழுத்திப் பிடிக்காமல் முன்னும் பின்னும் தேய்த்தால் சிவப்பு நிறமெல்லாம் சுற்றியுள்ள தோலில் இறங்கிவிடும்.

உரிந்து தொங்கும் பாலிஷை நகத்தால் சுரண்டி எடுக்கவே கூடாது. அதோடு நகத்தின் மேலடுக்கும் பிய்ந்து வரும். பிய்ந்த இடத்தில் அடுத்த பாலிஷும் சரியாக ஒட்டாது.

5. வெட்டுவதும் ராவுவதும்

இந்த இரண்டும் ஒரே நேரத்து வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் நகம் வெவ்வேறு நிலையில் இருக்க வேண்டும்.

வெட்டுவதற்குக் குளித்த பிறகு உள்ள இளகிய நகம் நல்லது, தெறிக்காது. ஓரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வளைந்திருக்கும் நகத்தை நடுவில் ஒரே கடியாகக் கடித்தால் அது தட்டையாக அழுந்தி விரிசல் விடும். நுனியில் ஒரு மில்லிமீட்டர் வெள்ளையாவது இருக்கட்டும்.

ஃபைலால் ராவுவதற்கு நகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குளித்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். ஈர நகம் அடுக்கடுக்காகப் பிரியும். பக்கவாட்டிலிருந்து நடுவை நோக்கி, ஒரே திசையில் தேயுங்கள். ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் நுனி பிசிறு பிசிறாகிவிடும்.

வடிவத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது: பாத்திரம் கழுவுகிற, மாவு பிசைகிற, நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற கைக்கு, விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சமே நீண்ட, மூலை மழுங்கிய சதுரம்தான் ஏற்றது. கூர்மையாக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஆழமாக ராவுகிறார்கள். நகத்துக்குத் தாங்கு சக்தி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அங்கே குறைத்தால் முதலில் உடைவதும் அங்கேதான்.

6. நகத்தோல்: தள்ளுங்கள், வெட்டாதீர்கள்

வீட்டு மேனிக்யூரில் காயம் ஆவது பெரும்பாலும் இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகம் தொடங்கும் இடத்தில் ஒரு தோல் மடிப்பு இருக்கிறது. அது உயிருள்ள தோல். அதன் அடியிலிருந்து கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய, உயிரற்ற படலம் ஒன்று நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் படலம்தான் க்யூட்டிக்கிள். நாம் எடுக்க வேண்டியது நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தை மட்டும். மடிப்பைத் தொடக் கூடாது. அதற்குப் பின்னால்தான் புது நகம் உருவாகிறது. கிருமியும் தண்ணீரும் உள்ளே போகாமல் மூடிக் காப்பது அந்த மடிப்புதான்.

கடையில் கிடைக்கும் க்யூட்டிக்கிள் ரிமூவரை ஒரு துளி வைத்து, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் மட்டும் விடுங்கள். பெரும்பாலானவை காரம் (ஆல்கலி) கலந்தவை. கூடுதல் நேரம் விட்டால் நல்ல தோலும் எரியும். பிறகு ஆரஞ்சுக் குச்சியைச் சாய்வாகப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தள்ளுங்கள். வெள்ளையாகத் திரண்டு வருவதுதான் அந்தப் படலம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், மிச்சமிருக்கும் காரம் போக வேண்டும்.

ரிமூவர் இல்லையென்றால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. குளித்து வந்ததும் துண்டின் முனையால் மெல்லத் தள்ளினாலே போதும். வாரம் ஒருமுறை இப்படிச் செய்து வந்தால் நகத்தோல் தானாக ஒழுங்குக்கு வரும்.

நகத்தின் ஓரத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தோலை இழுக்காதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கை மட்டும் கூரான சிறு கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் நல்ல தோலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும், நகச்சுற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது. அப்படி வந்து சீழ் கோத்துத் துடிக்கத் தொடங்கினால், எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

7. பஃபர்: குறைவாக

மாதம் ஒருமுறை போதும். வழுவழுப்பான பக்கத்தால் மட்டும், நகத்துக்கு நான்கைந்து இழுப்பு. நகம் சூடாவது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். நகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள் வயது ஏற ஏறக் கூடுவது இயல்பு. அவற்றை மட்டமாக்கும்வரை தேய்த்தால் நகம் காகிதம் போல் மெலிந்துவிடும். வரிகளை நிரப்புவதற்கென்றே பேஸ் கோட் விற்கிறது, அதை வாங்குங்கள்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை இவற்றால் நகத்தைத் தேய்த்து வெளுக்க வைக்கும் யோசனைகள் நிறைய உலாவுகின்றன. எதுவும் வேண்டாம். நகம் வறண்டு உடையும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் கன்றிக் கறுத்துவிடவும் கூடும்.

8. ஊற வைப்பது பற்றி

பார்லரில் முதலில் வெந்நீரில் கையை ஊற வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நகம் தண்ணீரை உறிஞ்சி விரியும், காயும்போது பழைய அளவுக்குச் சுருங்கும். விரிந்திருக்கும்போது பூசிய பாலிஷ் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நுனியில் விரிசல் விடும். இரண்டாம் நாள் உரிவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

ஊற வைத்தே ஆக வேண்டும், ஸ்க்ரப் போட்டு மசாஜ் செய்தே ஆக வேண்டும் என்றால் அதை முந்தைய நாள் இரவு வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடும் அன்று கை உலர்ந்திருக்கட்டும்.

9. எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பது

ஒரு நிமிட வேலைதான், ஆனால் ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எல்லாப் படிகளும் முடிந்த பிறகு, பேஸ் கோட்டுக்குச் சற்று முன், ஒவ்வொரு நகத்தையும் ஸ்பிரிட்டாலோ ரிமூவராலோ துடையுங்கள். நுனியின் அடிப்பகுதியையும் விட வேண்டாம். பார்க்கச் சுத்தமாகத் தெரிந்தாலும் நகத்தின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கும், அதன்மேல் பாலிஷ் பிடிக்காது.

துடைத்த பிறகு தலைமுடியைத் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் ஒருமுறை கை போய்விட்டால் மறுபடி துடைக்க வேண்டியதுதான். தண்ணீர் குடிப்பது, கழிவறைக்குப் போவது, பேச வேண்டிய தொலைபேசி அழைப்பு எல்லாவற்றையும் இதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

10. பேஸ் கோட்

மெல்லியதாக ஒரு கோட். வேலை இரண்டு: நகத்தையும் நிறத்தையும் ஒட்ட வைப்பது, சிவப்பு போன்ற அடர்ந்த நிறங்கள் நகத்தில் இறங்கி மஞ்சள் கறை வைக்காமல் தடுப்பது. இரண்டு நிமிடம் காய விடுங்கள்.

மருதாணி வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். நகத்தில் ஏறிய மருதாணி நகத்தோடு சேர்ந்துவிடும், எந்த ரிமூவருக்கும் போகாது. கைவிரல் நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கிறது. அது முழுதாக வளர்ந்து போக ஆறு மாதம் வரை ஆகும். நகத்தில் நிறம் ஏற வேண்டாம் என்பவர்கள் நகத்துக்கு ஒரு கோட் தெளிந்த பாலிஷ் போட்டுவிட்டு மருதாணி வைத்துக்கொள்ளலாம்.

11. நிறம்: மெல்லியதாக இரண்டு கோட்

பாட்டிலைக் குலுக்கினால் காற்றுக் குமிழி புகுந்து நகத்தில் கொப்புளமாகத் தெரியும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள்.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் கழுத்தில் வழித்துவிட்டு, மறுபக்கம் மட்டும் ஒரு துளி நிற்கட்டும். நகத்தோலிலிருந்து கொஞ்சம் தள்ளி அந்தத் துளியை வைத்து, மெல்லப் பின்னால் தள்ளி, அங்கிருந்து நுனிவரை நடுவில் ஓர் இழுப்பு. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அவ்வளவுதான். நான்காவது, ஐந்தாவது என்று இழுத்துக்கொண்டே போனால், பாதி காய்ந்த பாலிஷைப் பிரஷ் உழுதுவிடும்.

நகத்தோலுக்கும் பாலிஷுக்கும் இடையில் முடி அளவு இடைவெளி விடுங்கள். தோலில் ஏறிய பாலிஷ் ஒருநாளில் தூக்கிக்கொள்ளும், உரிதல் அங்கிருந்து தொடங்கும். கடைசியில், பிரஷை நகத்தின் நுனி விளிம்பில் குறுக்காக ஒருமுறை ஓட்டி மூடிவிடுங்கள். அதிகம் உரசுவது அந்த விளிம்புதான்.

முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து அங்கேயே கெட்டியாகப் போட்டுவிடுகிறார்கள். பாலிஷ் காய்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறுவது. கெட்டியான கோட்டில் மேல்பக்கம் முதலில் மூடிக்கொள்ள, உள்ளே உள்ளது வெளியேற வழியின்றி மணிக்கணக்கில் கொழகொழவென்று நிற்கும். அதனால் மெல்லியதாகப் போட்டு, மூன்று நிமிடம் விட்டு, இரண்டாவது கோட் போடுங்கள். திட்டு மறைந்துவிடும். வெளிர் நிறங்களுக்கு மூன்றாவது தேவைப்படலாம்.

வலக்கைக்காரர்கள் வலக்கை நகங்களை முதலில் முடித்துவிடுவது நல்லது. கடினமான பாதிக்குப் பொறுமை இருக்கும்போதே கை வைத்துவிடலாம். இடக்கை நடுங்கினால், மணிக்கட்டை மேசையில் ஊன்றிப் பிரஷை அசையாமல் பிடித்து, பூசப்படும் விரலை மெல்ல நகர்த்துங்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

தோலில் பட்டதை மெல்லிய பிரஷை ரிமூவரில் தொட்டு, துணியில் ஒற்றி, ஓரமாக இழுத்துச் சரிசெய்யுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி தடிமனாக இருப்பதால் நல்ல பாலிஷையும் கலைத்துவிடும்.

12. டாப் கோட்டும் காய்வதும்

டாப் கோட்டைப் பிரஷ் நகத்தில் அழுந்தாமல், திரவத்தின் மேல் மிதக்கவிட்டு இழுங்கள். அழுத்தினால் அடியிலுள்ள நிறம் இழுபடும். இங்கும் நுனி விளிம்பை மூட வேண்டும்.

இப்போது மின்விசிறியைப் போடலாம். தொட்டால் ஒட்டாத நிலை கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் அது முழுதாகக் காய்ந்ததாக ஆகாது. இரண்டு நகங்களை ஒன்றோடொன்று லேசாகத் தொட்டுப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு விலகினால் சரி. அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் வெந்நீரோ பாத்திரமோ வேண்டாம். மழைக்காலத்திலும், சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் மேல்பக்கம் இறுகியது போலத் தெரியும், உள்ளே காயாது.

எங்காவது நசுங்கிவிட்டால், விரல் நுனியில் ஒரு துளி ரிமூவரைத் தொட்டு அந்த மேட்டை நீவிவிட்டு, மேலே மெல்லியதாக ஒரு கோட் போடுங்கள். முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை.

13. ஜெல் பாலிஷ் வீட்டில் வேண்டாமே

விளக்கில் இறுக வைக்கும் ஜெல் பாலிஷ் செட்டுகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. நான் பரிந்துரைப்பதில்லை. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட் வகைப் பொருள்களால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கக்கூடும். பல் சிகிச்சையில் பயன்படும் சில பொருள்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹெமா என்ற அத்தகைய பொருள் கலந்த நகப் பூச்சுகளைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது.

சாதாரண பாலிஷுக்கும் ஒவ்வாமை உண்டு. அது விரலில் தெரியாமல் கண் இமையிலும் கழுத்திலும் அரிப்பாக வருவது வழக்கம், கை அடிக்கடி போகும் இடங்கள் அவை. காரணம் தெரியாமல் இமை தடித்தால் பாலிஷையும் சந்தேகியுங்கள்.

14. அடுத்த ஒரு வாரம்

மறுநாளிலிருந்து, இரவில் படுக்கும் முன் ஒரு துளி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ நகத்தைச் சுற்றித் தேயுங்கள். பாலிஷுக்கு முன்னால் எதிரியாக இருந்த எண்ணெய், அது காய்ந்த பிறகு நகத்தோலை வறளாமல் வைத்திருக்கும்.

மூன்றாம் நாள் மெல்லியதாக இன்னொரு டாப் கோட். பாத்திரம் துலக்க ரப்பர் கையுறை. பூண்டு உரிப்பது, ஸ்டிக்கர் கிழிப்பது, டப்பா மூடியை நெம்புவது எதையும் நகத்தால் செய்யாதீர்கள்.

கையால் பிசைந்து சாப்பிடுகிற, தினமும் மஞ்சள் தூள் புழங்குகிற வீட்டில் வெள்ளையும் வெளிர் இளஞ்சிவப்பும் இரண்டே நாளில் மஞ்சளடிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நடுத்தர நிறங்கள்தான் வசதி: செங்கல், ரோஜா, மெரூன். விசேஷத்துக்கு வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால் அன்று காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையோ பிரசவமோ நெருங்கினால் பாலிஷை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவிக்கு அடர்ந்த நிறங்கள் இடைஞ்சல் தரலாம். நகத்தின் இயல்பான நிறத்தையும் மருத்துவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் ஆனதும், உரியாவிட்டாலும் எடுத்துவிட்டு, இரண்டு நாள் நகத்தைப் பாருங்கள்: வறண்டிருக்கிறதா, அடுக்குப் பிரிகிறதா என்று. பிரிந்தால் அந்த வாரம் பாலிஷ் வேண்டாம், எண்ணெய் மட்டும்.

பாட்டிலின் கழுத்தை ரிமூவர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள், அப்போதுதான் மூடி இறுகப் பிடிக்கும். நிழலில், நிமிர்த்தி வையுங்கள். கெட்டியாகிவிட்டால் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று துளி விட்டு உருட்டலாம். ரிமூவரை ஊற்றினால் அன்றைக்கு இளகியது போல இருக்கும், ஆனால் பாலிஷின் பசை முறிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அந்தப் பாட்டிலில் இருப்பது நகத்தில் நிற்காது.